எண்ணெய் ஊறிய முட்டி

மெத்வல்லியைப் பொறுத்தவரை உலகத்தில் எது கெட்டுப்போனாலும் காரணம் ஒன்றுதான்: எண்ணெய் இல்லை. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் இல்லை. கழுதை நொண்டினால், குனிந்து அதன் குளம்பைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால்கூட, "அந்த வீட்ல எண்ணெய் வத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சுவான். மாவு மில்லைக் கூட்டிப் பெருக்க வந்தபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. இப்போது அதே மீசை வெள்ளையாக இருக்கிறது. அது நரையா மாவா என்று அவனுக்கே தெரியாது. முதலாளி செத்தார், முதலாளியின் மகன் வந்தான், டீசல் எஞ்சின் போய்க் கரண்டு மோட்டார் வந்தது. மெஷினைத் தொடும் கை மட்டும் மாறவில்லை. ஊரார் அவனை 'உஸ்தா' என்று அழைத்தார்கள். மெஷின் வேலை தெரிந்தவனுக்கு அங்கே அதுதான் பட்டம். அந்தப் பட்டம் அவன் தலைக்கு ஏறாமல் இருந்திருந்தால் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.

அவன் மனைவி இறந்தபோது மகள் நஷ்வா தவழ்ந்துகொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்த அக்கா இன்சாஃப் திரும்பிப் போகவில்லை. அவளும் புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். நஷ்வாவுக்குப் பல் முளைத்ததும், அம்மை போட்டதும், கல்யாணம் ஆனதும் இந்த அத்தையின் மடியில்தான். தம்பியின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. ஊர் வீடுகளில் ரொட்டி சுட்டுக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து மண் அடுப்பின் முன்னால் குந்தியிருப்பாள். ஒரு முட்டி மடங்கித் தரையில், இன்னொரு முட்டி மோவாய்க்கு நேராக. மாவை வீசி விரித்து உள்ளே தள்ளுவாள், வெந்ததை வெளியே இழுப்பாள். அடுப்பு வாயில் நெருப்பு, அவள் வாயில் அதைவிட அதிகம். எந்த வீட்டு மருமகள் எப்படி என்று அவளைக் கேட்டால் போதும்.

அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து முட்டிகள் போயின. டாக்டர்கள் மூட்டுத் தேய்மானம் என்பார்கள், ஊரில் அதற்குப் பெயர் 'கரகரப்பு'. முட்டிக்குள் இருக்கும் எண்ணெய் தீர்ந்துவிட்டது, எலும்பும் எலும்பும் கரகரவென்று உரசுகிறது என்பது ஊர் கண்ட விளக்கம். எண்ணெய் மறுபடி ஊற வேண்டுமென்றால் மாட்டுக்கால் சூப் குடிக்க வேண்டும், வெண்டைக்காயைக் கொழகொழப்புப் போகாமல் சமைத்துத் தின்ன வேண்டும். இன்சாஃப் இரண்டையும் விடாமல் செய்தாள். சூப்பின் கொழுப்பு உதட்டில் ஒட்டியதுதான் மிச்சம். தரையிலிருந்து எழ, முதலில் இரு கைகளையும் ஊன்றுவாள், பிறகு பின்புறத்தைத் தூக்குவாள், பிறகு கடவுளைக் கூப்பிடுவாள். வலது முட்டி வெடிக்கும் சத்தம் அடுப்பங்கரைக்கு வெளியே கேட்கும்.

ஒரு மாரிக்காலத்துக் காலையில் கோதுமை அரைக்க வந்தாள். மில்லில் சலிக்கும் பெட்டி என்று ஒன்று உண்டு. அரைத்த மாவு அதற்குள் விழும், பெட்டி இடமும் வலமும் விடாமல் குலுங்கும், மாவு ஒரு பக்கமும் தவிடு ஒரு பக்கமும் வந்து கொட்டும். பெட்டியின் கால்கள் ஒரு பலகை மேடையில் நிற்கும், பெட்டி குலுங்கினால் மேடையும் அதிரும். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்து இன்சாஃப் அந்த மேடையில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவு மூட்டை கட்டி முடிந்து இறங்கியபோது நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னாச்சுக்கா?"

"டேய், சத்தம் போடாதே. முட்டி பேசாம இருக்கு."

அன்றைக்கு அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபோது கடவுளைக் கூப்பிடவில்லை. மறுநாளும் மேடையில் ஏறினாள். அதற்கு மறுநாளும் ஏறினாள். வெளியில் சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய விஷயமா இது? ஊரில் எல்லா வீட்டு அடுப்பின் முன்னாலும் ஒரு முட்டி இருந்தது. அரைக்க ஒன்றுமில்லாதவர்களும் ஒரு பிடி சோளத்தைத் துணியில் முடிந்துகொண்டு மில்லுக்கு வந்தார்கள். கறுப்பு உடுப்பில் இரண்டு பேர், மூன்று பேர் மேடையில் நின்று பல் கிடுகிடுக்க ஊர் வம்பு பேசுவார்கள். "உஸ்தா, உன் மெஷினுக்கு என்னைக் கட்டிக் கொடுத்திடேன், என் புருஷனைவிட இது ஒழுங்கா வேலை செய்யுது" என்று ஒருத்தி சொல்ல, மெத்வல்லி காது கேட்காதவன்போலப் பெல்ட்டைப் பார்ப்பான். அவன் உள்ளம் குளிர்ந்துபோயிருந்தது. மெஷின் மட்டும் பார்த்தவன் இப்போது மனிதரையும் ரிப்பேர் பார்க்கிறான் என்று ஊர் பேசியது.

சுகாதார நிலையத்து டாக்டர் மரியானுக்கும் இந்தப் பேச்சு எட்டியது. முட்டிவலி மாத்திரை கேட்டு வரும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஒரு மத்தியானம், மில் காலியாக இருந்த நேரத்தில், அவளே நடந்து வந்தாள். படிப்பு முடித்து முதல் வேலைக்கு வந்திருந்த சின்னப் பெண். மேடையைத் தொட்டுப் பார்த்தாள், ஏறி நின்றும் பார்த்தாள். மெத்வல்லி திட்டு வரும் என்று காத்திருந்தான். திட்டு வரவில்லை.

"இதுல விஷயம் இருக்கு உஸ்தா. சும்மா சொல்லல. முட்டிக்குள்ள ஒரு நீர் இருக்கு. நல்ல முட்டியில அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். தேஞ்ச முட்டியில அது நீர்த்துப்போகும், புண்ணாக்கற சமாச்சாரமும் அதுல சேர்ந்துக்கும். அளவா அசைச்சா, அளவா அழுத்தினா, மூட்டே நல்ல நீரைச் சுரக்கும்னு சொல்றாங்க. அதிர்ற பலகை மேல நிக்க வச்சு ஆராய்ச்சிகூடப் பண்றாங்க. ஆனா மாவு மில் பெட்டி மேல யாரும் பண்ணல."

"நம்ம பண்ணிட்டோம்ல டாக்டரம்மா."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கொஞ்ச நேரம்தான் நிக்கணும். முட்டியை லேசா மடக்கி நிக்கணும். முக்கியமா ஒண்ணு. முட்டி வீங்கினா, தொட்டா சுட்டா, அன்னிக்கே நிறுத்திடணும். அப்ப ஊறறது நல்ல நீர் இல்ல, மூட்டு கோவிச்சுக்கிட்டுக் கொட்டற தண்ணி. அதுக்கு மேல குலுக்கினா இருக்கறதும் கெட்டுப்போகும். வர்றவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பேனா? நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்தான் என்றும் சொல்ல முடியாது. அன்று மாலை சொல்லலாம் என்றிருந்தான். மாலையில் பெண்கள் "உஸ்தா, உஸ்தா" என்று சூழ்ந்துகொண்டபோது, நேற்று வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண் இப்படிச் சொல்லச் சொன்னாள் என்று ஆரம்பிக்க நாக்கு வரவில்லை. நாளைக்குச் சொன்னால் போகிறது என்று விட்டான். நாளைக்குச் சொல்லும் சங்கதிகளின் கதி தெரிந்ததுதானே.

அந்த வாரமே நஷ்வாவிடமிருந்து போன் வந்தது. மஹல்லா நகரத்தில் நூல் ஆலையில் வேலை பார்க்கும் ஹாதிமுக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இந்த முறை தங்கிவிட்டது, ஆனால் பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுக்கு வர வழியில்லை.

"அத்தை, ஏழாம் நாள் சல்லடையை நீதான் பிடிக்கணும். வேற யார் கையும் படக் கூடாது."

பிறந்த ஏழாம் நாள் குழந்தையைச் சல்லடையில் கிடத்தி மெல்லக் குலுக்குவார்கள். குலுக்கும் கை ராசியான கையாக இருக்க வேண்டும். நஷ்வா அத்தையின் கையைத் தவிர எதையும் நம்பத் தயாராக இல்லை. அத்தை போகாவிட்டால் சல்லடை மாமியார் உம்மு ஹாதிமின் கைக்குப் போகும். இரண்டு பிள்ளை தங்காமல் போனதற்கு மருமகளின் கால்ராசிதான் காரணம் என்று தெருவெல்லாம் சொன்ன புண்ணியவதி அவள்.

"அவ கையில சல்லடையா? அதுக்கு நான் செத்துத் தொலைஞ்சிருக்கணும்" என்றாள் இன்சாஃப். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு மற்றது ஞாபகம் வந்தது. நஷ்வாவின் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. ஐந்து மாடி ஏற வேண்டும், தரையில் உட்கார வேண்டும், உட்கார்ந்து குலுக்க வேண்டும். நஷ்வாவின் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டை இன்சாஃப் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். அன்றும் இரண்டாவது மாடியில் நின்று ஹாதிமின் பரம்பரையைச் சபித்துவிட்டுத்தான் மேலே போனாள்.

"ஏத்திடுவியாடா என்னை?" என்று தம்பியைக் கேட்டாள். அவள் யாரையும் கெஞ்சிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

"நீ ஓடியே ஏறுவ பாரு" என்றான் மெத்வல்லி.

அதிலிருந்து ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நின்றால் வலி போகிறதென்றால், நிறைய நேரம் நின்றால் கரகரப்பே போகாதா? இது மெத்வல்லியின் கணக்கு. காலையில் ஒரு தடவை, மில் மூடிய பிறகு அவளுக்கென்று தனியாக ஒரு தடவை. அதுவும் போதவில்லை என்று தோன்றியபோது பெட்டியை ஆட்டும் எடையைக் கழற்றிக் கனமான எடையை மாட்டினான். பெட்டி இப்போது குலுங்கவில்லை, உதைத்தது. மேடை ஆணிகள் இளகின, மில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மாவில் தவிடு கலந்து ரொட்டி கறுத்தது. முதலாளியின் மகன் கேட்டதற்கு, "கோதுமையே அப்படித்தான் வருது" என்று சாதித்துவிட்டான். இன்சாஃப் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் அவளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வலியும் தெரியாது. அந்த மரத்துப்போன கால்களோடு அவள் தெருவில் விறுவிறுவென்று நடந்து போவதைப் பார்க்க மெத்வல்லிக்கு நெஞ்சு நிமிரும். பார்த்தவர்களில் விவரம் தெரிந்த ஒருத்தராவது பயந்திருக்க வேண்டும். ஒருவரும் பயப்படவில்லை.

நஷ்வாவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலை இன்சாஃப் வீட்டிலிருந்தே கத்தினாள். மெத்வல்லி ஓடினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து உடுப்பைத் தொடை வரை ஏற்றியிருந்தாள். வலது முட்டி பருத்து உருண்டிருந்தது. முட்டிச் சில்லின் மேடு பள்ளம் எதுவுமே தெரியவில்லை. ஒரு பக்கம் விரலால் அழுத்தினால் மறுபக்கம் புடைத்தது. முட்டிக்குப் பின்னால் மடிப்பில் ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்குக் கட்டி. தொட்டால் சுட்டது.

மெத்வல்லிக்கு டாக்டரம்மாவின் வார்த்தை ஞாபகம் வராமல் இல்லை. வீங்கினா, தொட்டா சுட்டா. அந்த வார்த்தை வந்து வாசலில் நின்றது. அவன் உள்ளே விடவில்லை. அக்கா அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியைத் தவிர வேறு எதையும் அந்த முகத்திடம் சொல்ல அவனால் முடியவில்லை.

"எண்ணெய்!" என்றான். "அக்கா, எண்ணெய் ஊறிடுச்சு!"

"நிஜமாவாடா?"

"பின்ன? காஞ்சு கெடந்த முட்டி. அமுக்கிப் பாரு, உள்ள எப்படி ஓடுது! பின்னால இருக்கே, அதுதான் டாங்கி. மிச்சத்தைச் சேத்து வச்சிருக்கு."

இன்சாஃப் அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுதது நஷ்வாவின் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். அன்று மாலையே ஒரு பெரிய பானை பால்சோறு காய்ச்சிச் சர்க்கரை அள்ளிப் போட்டு, கிண்ணம் கிண்ணமாகத் தெருவுக்குக் கொடுத்தாள். பெண்கள் வந்து முட்டியை அமுக்கிப் பார்த்தார்கள், பொறாமைப்பட்டார்கள். கண்ணேறு படக் கூடாதென்று ஒருத்தி அதன்மேல் நீலமணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். தன் முட்டி மட்டும் இன்னும் காய்ந்தே கிடக்கிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. முட்டாள்தனம் ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து கொண்டாடும்போது அதைவிடப் பயங்கரமான திருவிழா கிடையாது.

பிறகு முட்டி மடங்க மறுத்தது. ராத்திரியெல்லாம் உள்ளே தீ வைத்ததுபோல இருக்கிறதென்றாள். மேடையில் நின்றால் மட்டும் மரத்துப்போய் அடங்கும். அதனால் இன்னும் நின்றாள். கடைசியில் ரொட்டி சுடப்போன ஒரு வீட்டில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள் எழவே முடியாமல், அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேராகத் தூக்கி நிறுத்த, அவளே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்றாள். மெத்வல்லியும் கூடப் போக வேண்டியதாயிற்று.

டாக்டர் மரியான் ஊசி போட்டு நீரை எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக ஏறியது. அதில் ஒரு சொட்டைக் கையுறை போட்ட விரலில் விட்டுக் கட்டைவிரலால் தொட்டு விரித்துக் காட்டினாள். சொட்டு உடனே அறுந்து விழுந்தது.

"பாத்தீங்களா? நல்ல நீரா இருந்தா நூல் மாதிரி இழுபடணும். இது வெறும் தண்ணி. இது உங்க எலும்பைக் காப்பாத்தாது. வீங்கின உடனே நிறுத்தணும்னு சொல்லியிருந்தேனே! இனி அந்த மேடைப் பக்கம் போகக் கூடாது. படி ஏறக் கூடாது. பின்னால இருக்கற கட்டியும் நிறைஞ்சு நிக்குது, அது ஒடைஞ்சா கால் முழுக்க இறங்கும். ரெண்டு நாள்ல திரும்பி வாங்க, மிச்சத்தை எடுக்கணும்."

அதற்குள் வெளியே ஒரு குழந்தை வலிப்பில் துடிக்கிறதென்று சத்தம் கேட்டு அவள் ஓடினாள். அக்காவும் தம்பியும் வாய்க்கால் கரையோடு நடந்து வந்தார்கள். பாதி வழியில் இன்சாஃப் கேட்டாள்.

"சொல்லியிருந்தேன்னாளே, யார்கிட்டடா சொன்னா?"

"பொதுவா எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"உங்கிட்ட சொன்னாளா?"

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

அவள் அவன் தோளில் கையை ஊன்றி நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கை அப்படியே இருந்தது, எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் நஷ்வாவுக்கு வலி கண்டது. நாள் கூடுவதற்கு முன்பே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் நலம். சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போவதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. ஏழாம் நாளைப் பற்றிய பேச்சுத்தான். முட்டி மறுபடி நிரம்பிக்கொண்டு வந்தது. இன்சாஃப் அதை மூடி வைத்துக்கொண்டு குழந்தைக்குத் துணி தைத்தாள்.

ஏழாம் நாள் விடியற்காலையில் புது உடுப்பில், கையில் சல்லடையோடு மில் வாசலில் வந்து நின்றாள்.

"மோட்டாரைப் போடு. நல்லா மரத்துப்போனா ஏறிடுவேன்."

"வேண்டாம்க்கா. நான் ஹாதிமைக் கூப்பிடறேன், நாற்காலியில தூக்கிட்டுப் போவாங்க."

"உம்மு ஹாதிம் கண் முன்னால நான் நாற்காலியில போகணுமா? காலில்லாதவ கையில சல்லடை எதுக்குன்னு கேப்பா. போடுடா."

"டாக்டரம்மா கூடாதுன்னாங்க."

இன்சாஃப் அவனை நேராகப் பார்த்தாள். "எண்ணெய்னு சொன்னது நீ. அது எண்ணெய்னா, குலுக்கினா நல்லதுதானே? எண்ணெய் இல்லன்னா இப்பவே சொல்லு. நான் போய்ப் படுத்துக்கறேன்."

வேறொன்றும் கேட்கவில்லை அவள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பால்சோறு, டாங்கி, வாய்க்கால் கரையில் சொன்னது எல்லாம் பின்னாலேயே வரும். மெத்வல்லி சுவிட்சைப் பார்த்தான். சே, மனிதன் இவ்வளவு சின்னவனாகவும் இருக்க முடியுமா? முடியும். அவன் சுவிட்சைப் போட்டான். பெட்டி உதைக்க ஆரம்பித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். வெளியே மஹல்லாவுக்குப் போகும் மைக்ரோபஸ் வந்து ஹாரன் அடிக்கும் வரை அவன் மோட்டாரை நிறுத்தவில்லை.

மஹல்லாவில் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு இருட்டாக, வெங்காயம் வதங்கும் வாசனையோடு இருந்தது. முதல் மாடியை இன்சாஃப் அவன் கையைப் பிடிக்காமலே ஏறினாள். இரண்டாம் மாடியில் நின்று, "பாத்தியா, ஹாதிமோட பரம்பரை இன்னிக்குத் தப்பிச்சுது" என்று சொல்லிச் சிரித்தாள். மேலேயிருந்து பித்தளை உரலை இடிக்கும் சத்தம் கேட்டது. ஏழாம் நாள் சடங்கை ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

மூன்றாம் மாடிக்கு மேலே சில படிகள் போயிருப்பாள். முட்டிக்குப் பின்னால் ஏதோ பட்டென்று விட்டது. மெத்வல்லிக்கு அது கேட்டது. அல்லது கேட்டதாகத்தான் பிறகு எப்போதும் தோன்றியது. இன்சாஃப் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள்.

"கொதிக்கிற தண்ணி ஊத்தின மாதிரி இறங்குதுடா. கெண்டைக்காலுக்குள்ள."

அவன் குனிந்து உடுப்பை விலக்கினான். வலது முட்டி சிறுத்திருந்தது. அத்தனை வீக்கமும் போய், மறுபடி மேடும் பள்ளமும் தெரிந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மடையனுக்குச் சந்தோஷம் வந்தது. பிறகு கெண்டைக்காலைப் பார்த்தான். அது அவன் கண் முன்னாலேயே உப்பிக்கொண்டிருந்தது.

"மெத்வல்லி" என்றாள் அவள். டேய் என்று சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு முன்னாடியே உங்கிட்ட சொன்னாளா?"

மேலே உரல் இடித்துக்கொண்டிருந்தது.

"சொன்னாங்க" என்றான்.

அவள் அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தான். ஊரில் எல்லாரையும் வைத துணிச்சலான வாய் அது. அவன் தூக்கக் கை நீட்டியபோது, அந்தக் கையை அவள் தள்ளிவிட்டாள். பிறகு பின்பக்கமாகத் திரும்பிப் படியில் உட்கார்ந்து, இரு கைகளையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி ஒரு படி மேலே வைத்தாள். வலது காலை ஒரு மூட்டைபோல இழுத்துக்கொண்டாள். அடுத்த படி. அதற்கடுத்த படி. கீழ்வீட்டுக் கதவுகள் திறந்து மூடின. மெத்வல்லி சல்லடையைத் தூக்கிக்கொண்டு கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்த்தபடியே ஏறினான். அந்த முகம் அவனுக்கு நேராகத்தான் இருந்தது. ஒரு தடவைகூட அவனைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாடி வாசலில் உம்மு ஹாதிம் நின்றிருந்தாள். "அல்லாவே! என்ன சம்பந்தியம்மா, குழந்தை தவழறதுக்கு முன்னாடி நீங்க தவழ்ந்து வர்றீங்க?"

"நடந்து வந்தா கண்ணு பட்டுடும் சம்பந்தி. உங்களை மாதிரி நல்லவங்க நெறைய பேர் இருக்கற வீடு" என்றாள் இன்சாஃப். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பெண்கள் சிரித்தார்கள். அதை ஒரு வேடிக்கையாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் விளையாட்டுக்காக வேண்டுமென்றே இப்படி வருகிறாள் என்று. அவள் அப்படியே நகர்ந்து நகர்ந்து கூடத்தின் நடுவுக்குப் போனாள்.

நஷ்வா குழந்தையைக் கொண்டுவந்து சல்லடையில் கிடத்தினாள். "அத்தை வந்துட்டா, எம்பொண்ணு பொழைச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள். சுற்றிலும் உப்பைத் தூவினார்கள். இன்சாஃப் சல்லடையின் விளிம்பை இரு கையாலும் பிடித்து அசைத்தாள். மிக மெல்ல, குழந்தையின் கன்னம் மட்டும் அசையும் அளவுக்கு. குழந்தை கண்ணைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மெத்வல்லி ஆண்களோடு வாசலில் நின்றான். இவ்வளவு அளவாகக் குலுக்கத் தெரிந்த கையை அவன் பார்த்ததில்லை.

உரலை இடித்தபடி ஒவ்வொருத்தியும் குழந்தையின் காதருகே குனிந்து புத்தி சொல்ல வேண்டும். யார் பேச்சைக் கேட்க வேண்டும், யார் பேச்சைக் கேட்கக் கூடாது என்று. அது ஒரு விளையாட்டு, சொல்லும் போதெல்லாம் கூட்டம் சிரிக்கும். "அம்மா பேச்சைக் கேளு!" என்றாள் ஒருத்தி. "அப்பா பேச்சைக் கேக்காதே, அவன் நூல் ஆலையில வேலை செய்யறவன், நூலாத்தான் விடுவான்!" என்றாள் இன்னொருத்தி. ஹாதிம் காதைப் பிடித்துக்கொண்டு நாடகமாடினான். "அப்பத்தா சொன்னா மட்டும் கேளு" என்று உம்மு ஹாதிம் சொன்னபோது நஷ்வாகூடச் சிரித்துவிட்டாள். கடைசியில் இன்சாஃபின் முறை வந்தது. அவள் ஒரு கையால் உரலின் உலக்கையை வாங்கி ஒரே ஒரு இடி இடித்தாள். பிறகு குழந்தையின் பக்கம் குனிந்தாள்.

"அம்மா பேச்சைக் கேளு. அப்பா பேச்சைக் கேளு. இந்தச் சம்பந்தியம்மா பேச்சைக்கூடக் கேளு, பரவாயில்ல. உன் தாத்தா பேச்சை மட்டும் கேக்காதே கண்ணு. ஒரு வார்த்தைகூடக் கேக்காதே."

கூடமே வெடித்துச் சிரித்தது. "உஸ்தா, மாட்டிக்கிட்டியா?" என்று ஹாதிம் அவன் முதுகில் தட்டினான். யாரோ குலவையிட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்ததால் மெத்வல்லியும் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூடத்தில் சிரிக்காமல் இருந்தது இரண்டு பேர்தான், தூங்கும் குழந்தையும் அவளும். புது உடுப்பின் ஓரத்துக்கு வெளியே அவள் வலது கால் நீண்டு கிடந்தது. கணுக்கால் வரை பளபளவென்று இறுகியிருந்தது. அங்கங்கே நீலம் பாய ஆரம்பித்திருந்தது. சல்லடையைக் கைமாற்றி வாங்கிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள். அவளால் எழ முடியவில்லை. அவள் சும்மா உட்கார்ந்திருப்பதாக அவர்கள் நினைத்தார்கள்.